வெப்மெயிலில இருந்து மெயில் போற வழி: சென்ட்மெயிலா, எஸ்எம்டிபியா? உங்கட அனுபவம் சொல்லுங்க

கல்லடிப் பாலம்:
மட்டக்களப்பில ஒரு சின்ன அலுவலகம். பிரவுசரில மெயில் பார்க்கிற பழைய மென்பொருள் ஸ்குவிரல்மெயிலை, அதே வேலை செய்யிற ரவுண்ட்கியூபுக்கு மாத்தித் தரச் சொன்னாங்க. பழையதின்ர சேர்வர் செட்டிங்ஸைத் திறந்தா ‘சென்ட்மெயில் அல்லது எஸ்எம்டிபி’ எண்டு ஒரு வரி, அதில சென்ட்மெயில் (பாஸ்வேர்ட் கேக்காம, சேர்வரிலயே இருக்கிற அனுப்புற கட்டளைக்கு மெயிலைக் குடுக்கிற வழி) போட்டுக் கிடந்தது. மெயில் என்னவோ போய்க்கொண்டுதான் இருந்தது. கரைச்சல் வந்தது ஆரோ ஒருத்தர்ர பாஸ்வேர்ட் வெளிய போய், குப்பை மெயில் கொட்டத் தொடங்கின நேரம். லொக்கை, அதாவது சேர்வர் எழுதி வைக்கிற பதிவைப் பார்த்தா எல்லா வரியிலயும் யூஐடி (கணக்கு இலக்கம்) 33. டெபியன் லினக்ஸில அது வெப் சேர்வரின்ர கணக்கு, ஆர் அனுப்பினாலும் அதேதான் விழும். அனுப்புற முகவரியில களவா உள்ள வந்தவன் விரும்பின பேரெல்லாம் போட்டிருக்கான். இதில ஆர்ர கணக்கைப் பூட்டுற?

இப்ப எஸ்எம்டிபி (பேரும் பாஸ்வேர்டும் குடுத்து மெயில் சேர்வரிட்ட ஒப்படைக்கிற முறை), போர்ட் 587 (அதுக்கான வாசல் இலக்கம்). ஆக்கள் உள்ள வர அடிக்கிற பேரையும் பாஸ்வேர்டையுமே ரவுண்ட்கியூப் எடுத்துக் குடுக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் லொக்கில ஆள்ர பேர் விழுது. பாஸ்வேர்ட் பிழையெண்டா 535 எண்டு உடன சொல்லிப் போடும்.

கல்முனைக் கரை:
சரிதான் அண்ணன், ஆனா நீங்க எந்த எஸ்எம்டிபியைக் குடுத்த நீங்க? எங்கட இடத்தில ரவுண்ட்கியூபை நேரா வெளிநாட்டுச் சேர்வருக்கே காட்டி வைச்சிருந்தாங்க. மாரி மழைக்கு லைன் போனா, அனுப்பு பட்டனை அமத்தின உடன பிழைச் செய்தி. லைன் வரும்வரைக்கும் ஜன்னலை மூடாம காவல் இருக்கோணும். சென்ட்மெயில் இருந்த காலத்தில வரிசையில கிடந்து, லைன் வந்தாப் பிறகு தானாப் போகும். அந்த விஷயத்தில அதைக் குறை சொல்லேலாது.

அக்கரைப்பற்று மில்காரன்:
ரெண்டையும் சேர்த்து வைக்கலாம் தம்பி. நம்மட அரிசி மில்லில ரவுண்ட்கியூப் பேசுறது அதே மெஷின்ல இரிக்கிற போஸ்ட்ஃபிக்ஸ் எண்ட மெயில் சேர்வரோட, 587லதான். ஆள்ர பேர் லொக்கில விழும். மறுகா போஸ்ட்ஃபிக்ஸ், காசு கட்டி எடுத்த ரிலே சேர்வருக்கு (நம்மட மெயிலை வாங்கி வெளிய அனுப்பிக் குடுக்கிற சேர்வர்) தள்ளும். லைன் இல்லாட்டி வரிசையில வைச்சித் திரும்பத் திரும்பப் பார்க்கும். ஒண்டும் மாத்தாட்டி அஞ்சு நாள் வரைக்கும் விடாது, அதுக்குப் பிறகுதான் திருப்பி அனுப்பும்.

ரிலே வேணாம், சேர்வருக்குச் சேர்வர் மெயில் போற போர்ட் 25ஆல நேரா அனுப்புவம் எண்டு நினைச்சிராதீங்க. வீட்டு லைன், கடை லைன் ஐபியெல்லாம் அனேகமா குப்பை மெயிலைத் தடுக்க உதவுற ஸ்பாம்ஹவுஸின்ர பட்டியல்ல இரிக்கும், ஜிமெயில் வாசல்லயே மறிச்சிரும். 2024 பெப்ரவரிக்குப் பிறகு எஸ்பிஎஃப் (நம்மட டொமைன் பேரில ஆர் அனுப்பலாம் எண்டு சொல்ற பதிவு) அல்லது டிகேஐஎம் (மெயில்ல போடுற டிஜிட்டல் கையொப்பம்) இல்லாத மெயிலை அவங்க எடுக்கிறதும் கஷ்டம். எஸ்பிஎஃப் பதிவில ரிலேக்காரன்ர பேரையும் சேர்த்திரோணும்.

கல்லடிப் பாலம்:
நல்ல வழி. டிஎல்எஸ் (மெயிலைப் பூட்டி அனுப்புற பாதுகாப்பு) போட்டு ‘லோக்கல்ஹோஸ்ட்’ (அதே மெஷின்) எண்டு குடுக்க எனக்கு இணையவே இல்ல. நீங்க என்ன செஞ்ச?

அக்கரைப்பற்று மில்காரன்:
டிஎல்எஸ் சான்றிதழ்ல இரிக்கிற பேரோட பொருந்தோணும், அந்தப் பேரையே ரவுண்ட்கியூபில போடுங்க, அதை ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (பேருக்கு ஐபி எழுதி வைக்கிற கோப்பு) அதே மெஷினைக் குறிக்கிற 127.0.0.1க்குக் காட்டி விடுங்க. அவ்வளவுதான் வேலை.