கிளட்ச் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்த அனுபவங்கள்

ஆஸ்டின், டெக்சஸ் – செவர்லே கார்வெட் சி5, 2002, ஆறு கியர் மேனுவல்

பழைய கார்வெட் வாங்கலாமா என்று வாராவாரம் யாராவது கேட்கிறார்கள். எஞ்சின் எப்படி, டயர் எப்படி, ஏசி வேலை செய்கிறதா, இருக்கைத் தோல் கிழிந்திருக்கிறதா, எல்லாம் கேட்கிறார்கள். கிளட்ச் ஆயிலைப் பற்றி (பெடலை மிதிக்கும் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் திரவம், என் வண்டியில் பிரேக் ஆயில்தான்) ஒருவர் கூடக் கேட்டதில்லை. யாருக்காவது துணைக்குப் போய் வண்டி பார்த்தால் நான் முதலில் திறப்பது அந்தச் சின்ன டப்பாவைத்தான். ஓட்டுநர் பக்கம், பிரேக் பூஸ்டரை ஒட்டி இருக்கும். இதில் என்ன பெரிதாக இருக்கப் போகிறது என்று தோன்றும் அளவுக்குச் சின்னது.

என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் ரசீதுகளை எல்லாம் கோப்பு போட்டு வைத்திருந்தார். எஞ்சின் ஆயில், கூலன்ட், டிஃபரென்ஷியல் ஆயில், எதிலும் குறை சொல்ல முடியாது. கிளட்ச் டப்பா மூடியைக் கழற்றினால் உள்ளே கருப்பட்டிக் காபி. புது ஆயில் கண்ணாடி போல இளமஞ்சளாக இருக்க வேண்டும், இதில் அடி தெரியவே இல்லை. விரலைத் தொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று ஏதோ மாவு போல ஒட்டியது.

ஊருக்குள் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. ஹைவேயில் ஏறும் வளைவில் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றை நெருங்கும் வரை விரட்டிவிட்டு இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால்தான் வேடிக்கை: காலை எடுத்த பிறகும் பெடல் மேலே வராது, பாதியிலேயே நிற்கும், கியரும் முரண்டு பிடிக்கும், சற்று நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலப் பெடல் தானாக எழுந்துகொள்ளும். ஒரு கடையில் காட்டினேன். கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள், டப்பா மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல்.

ஏன் கறுக்கிறது என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் இந்த வண்டியில் வெளியே தொங்குவதில்லை. கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள்ளேயே, ஷாஃப்டைச் சுற்றி வளையம் போல உட்கார்ந்திருக்கிறது, கிளட்ச் பிளேட்டுக்குப் பக்கத்திலேயே. பிளேட் தேயத் தேயக் கரித்தூள் பறக்கும். ஸ்லேவ் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் அது ஒட்டும், சீலைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். பெடலை முழுவதும் விட்டதும், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்னத் துளை வழியாகக் குழாயும் டப்பாவும் ஒன்றாகிவிடும். அப்படித்தான் கீழே இருக்கும் அழுக்கு மேலே வந்து சேர்கிறது. இது போதாது என்று கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் என்பது இந்த ஆயிலின் தர வகை. டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் 140 போதும் என்பதுதான் தர அளவு. டாட் 4க்கு 230, 155. பெல் ஹவுசிங் பக்கத்தில் எக்சாஸ்ட் சூடு எவ்வளவு என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயில் அங்கே கொதித்து ஆவிக்குமிழ் விட்டால் பெடல் எப்படி உறுதியாக இருக்கும்?

சரி, மாற்றிவிடலாமே என்றால் அங்கேதான் சிக்கல். முறைப்படி ஏர் எடுக்கும் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) திருகு பெல் ஹவுசிங் மேல்பக்கம் இருக்கிறது, கையே போகாது. ஸ்லேவையே மாற்றுவதானால் இன்னும் மோசம். இந்த வண்டியில் கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்ந்து பின்னால் இருக்கிறது, எஞ்சினையும் அதையும் இணைப்பது நடுவில் இருக்கும் டார்க் ட்யூப் என்ற நீளக் குழாய். பின் கிரேடில் (அவற்றைத் தாங்கும் சட்டம்), கியர்பாக்ஸ், ட்யூப் எல்லாவற்றையும் இறக்கினால்தான் கிளட்ச் கண்ணில் படும்.

அதனால் இங்கே கார்வெட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வது சிரிஞ்ச் வைத்தியம். டப்பாவைச் சுற்றி முதலில் துடைத்துவிடுங்கள், மண் உள்ளே விழக் கூடாது. மூடியின் உள்ளே ஒரு ரப்பர் மடிப்பு இருக்கும், கசடு முழுவதும் அதில்தான் பிடித்திருக்கும், எடுத்துக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். பெரிய சிரிஞ்சால் கறுப்பு ஆயிலை உறிஞ்சி எடுங்கள், ஆனால் அடித்துளை தெரியும்வரை உறிஞ்சக் கூடாது, காற்று இறங்கிவிட்டால் தலைவலி. டப்பாவின் அடியைப் பஞ்சு வராத துணியால் ஒற்றி எடுத்து, புது டாட் 4 ஆயிலைக் கோடு வரை ஊற்றி, மூடியைப் போட்டு (போடாமல் மிதித்தால் ஆயில் பீய்ச்சி அடித்து பெயின்டைத் தின்றுவிடும்), பெடலை முழுவதுமாக ஒரு முப்பது தடவை மிதியுங்கள். திறந்து பாருங்கள். மறுபடியும் கறுத்திருக்கும். மறுபடியும் உறிஞ்சுங்கள். ஒரே நாளில் தெளிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், குழாய்க்குள்ளும் ஸ்லேவுக்குள்ளும் இருப்பது மெல்ல மெல்லத்தான் வரும். இன்று தெளிந்தது போலத் தெரிந்து, ஒரு வாரம் ஓட்டியதும் திரும்பக் கலங்கும். நான் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு சுற்று மாற்றினேன், முழுவதும் தெளிய ஒரு கோடைக்காலமே ஆயிற்று. இப்போது மாதம் ஒரு முறை பார்க்கிறேன், நிறம் மாறியிருந்தால் மட்டும் மாற்றுகிறேன். பெடல் ஒட்டுவது நின்றே போய்விட்டது. கிளட்ச் பிளேட் அன்றைக்கு இருந்த அதே பிளேட்தான்.

உங்கள் வண்டியில் எப்படி? எழுதுங்கள்.

ஹரோ, லண்டன் – மஸ்டா எம்எக்ஸ்-5, 2001

தம்பி, நல்ல விளக்கம். என்னுடைய வண்டியில் கதை வேறு, ஸ்லேவ் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. இரண்டு போல்ட், ஒரு ஆயில் குழாய், அவ்வளவுதான். வயது இருபதைத் தாண்டிய வண்டி, சீல் தேயத்தானே செய்யும். மாரி காலத்தில் ஒரு காலமை ஸ்டார்ட் பண்ணிவிட்டு முதல் கியர் போடப் போனால் விழவே இல்லை. பெடல் பஞ்சு மாதிரி. நாலைந்து தரம் வேகமாக அமத்தினால் இறுக்கம் வரும், கியர் விழும், அடுத்த சிக்னலில் திரும்பவும் பஞ்சு.

கீழே படுத்து, ஸ்லேவின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பார்த்தேன், உள்ளே இருந்து கறுத்த ஆயில் சொட்டியது. உறை காய்ந்திருந்தால் ஸ்லேவ் நல்லது, ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. இதற்கு மேல் சோதனையே தேவையில்லை. புது ஸ்லேவ் மலிவு. பெரிய வேலை ஏர் எடுப்பதுதான், அதற்கு மச்சானைப் பிடித்து உள்ளே இருத்தினேன். திருகில் ஒரு தெளிவான குழாய், அதன் மறுமுனை பழைய ஆயில் ஊற்றிய போத்தலுக்குள் மூழ்கி இருக்க வேண்டும். "அமத்து, பிடி" என்று கத்துவேன், திருகைத் திறப்பேன், குமிழ் வரும், மூடுவேன், "விடு" என்பேன். நான் மூட முன்னம் விட்டால் காற்று திரும்பப் போய்விடும், மச்சானுக்கு இதை விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போனது. அவர் சீட்டில் இருந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்லேவ் வெளியில் இருக்கிற வண்டிக்காரர்கள் சிரிஞ்ச் முறையோடு நிற்க வேண்டாம். உங்களுக்குத் திருகு கைக்கு எட்டுகிறது, முழு ஆயிலையும் அதன் வழியாகவே வெளியே விடலாம். ஸ்லேவ் போனால் மாஸ்டரும் நெடுநாள் தாங்காது, கால் வைக்கிற இடத்தில் பெடலுக்கு மேலே இருக்கும் தண்டைத் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அதுவும் கசிகிறது.

ஷார்ஜா – ஜப்பானிய கூபே, மேனுவல், ஸ்லேவ் உள்ளே இருக்கும் வகை

நானும் சிரிஞ்ச் கட்சிதான், ஆனால் நான் இந்த முறைக்கு வருவதற்கு முன்பே என் ஸ்லேவ் தன் முடிவை எடுத்துவிட்டது. ஜூலை மாதம், வெளியே 45 டிகிரி. ஜெபல் ஜெய்ஸ் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு எமிரேட்ஸ் ரோட்டில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். மிதித்த பெடல் தரையோடு படுத்துவிட்டது. காலின் மேல்பக்கத்தால் தூக்கினால்தான் வருகிறது, மிதித்தால் சும்மா போகிறது. பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரனை நிறுத்தவே இல்லை.

இது யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன்: எஞ்சினை அணைத்துவிட்டு முதல் கியரைப் போட்டு, முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பெடல் தரையில் கிடக்கும்போதே ஸ்டார்ட் அடித்தால் வண்டி குலுங்கிக்கொண்டே நகரும். அப்படித்தான் ஓரத்துக்கு வந்தேன். நடு ரோட்டில் நிற்பதற்கு இது மேல், ஆனால் ஸ்டார்டருக்கு நல்லதில்லை, பழக்கமாக்க வேண்டாம். அப்புறம் ரெக்கவரி வண்டிதான்.

கியர்பாக்ஸை இறக்கி ஸ்லேவ் மாற்றினார்கள். வேலை முடிகிற நேரம் போய் நின்றது நல்லதாகப் போயிற்று. மெக்கானிக் அலமாரியில் மூடியில்லாமல் இருந்த ஒரு பாட்டிலை எடுத்து ஊற்றப் போனார். இந்தக் கடலோர ஊரில் இரவில் கண்ணாடியெல்லாம் வியர்க்கிறது, அந்தப் பாட்டில் எத்தனை நாள் ஈரம் குடித்ததோ. நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சீல் உடையாத டாட் 4 வாங்கி வந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார், ஊற்றினார்.

மியூனிக் – பிஎம்டபிள்யூ எம்3, இ46, மேனுவல்

ஒரு சந்தேகம் அண்ணா. என் வண்டியில் கிளட்சுக்குத் தனி டப்பாவே இல்லை, பிரேக் டப்பாவிலிருந்தே ஒரு ரப்பர் குழாய் கிளட்சுக்குப் போகிறது. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், மாற்றுகிறேன். அப்படியானால் கிளட்ச் ஆயிலும் புதிதாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பெங்களூரு – பட்டறை வைத்திருக்கிறேன்

மியூனிக் தம்பிக்கு: ஆகாது. நாலு சக்கரத்திலும் ஆயிலை இறக்கினால் டப்பாவும் பிரேக் குழாய்களும்தான் புதிதாகும். கிளட்ச் குழாயில் இருப்பது இருந்த இடத்திலேயே கிடக்கும், அந்த வழியாக ஓட்டமே இல்லையே. ஸ்லேவ் திருகைத் திறந்து தனியாக இறக்கச் சொல்லுங்கள், பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலை அழுத்தத்தோடு தள்ளும் பிரஷர் பிளீடர் இருந்தால் நல்லது. உங்கள் டப்பாவில் கிளட்ச் குழாய் கொஞ்சம் மேலே இருந்து கிளம்புவதைக் கவனித்தீர்களா? கிளட்ச் பக்கம் முழுவதும் கசிந்து போனாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்றுதான் அப்படி வைக்கிறார்கள்.

பொதுவாக எல்லோருக்கும் ஒன்று. பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் இறங்கும், அது இயல்பு. கிளட்சில் தலைகீழ். பிளேட் தேயும்போது டயாஃப்ரம் விரல்கள் (கிளட்ச் ஸ்பிரிங்கின் நுனிகள்) ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், ஆயில் மேலே ஏறும். அதனால் தனி டப்பா வைத்த வண்டியில் மட்டம் லேசாக ஏறினால் பயப்படாதீர்கள், இறங்கினால் கட்டாயம் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி ஊற்றி நிரப்பிக்கொண்டே ஓட்டுகிறவர்கள் என் பட்டறைக்கு நிறைய வருகிறார்கள். ஸ்லேவ் உள்ளே இருக்கும் வண்டியென்றால் ஒழுகிய ஆயில் கிளட்ச் பிளேட்டில் ஏறி, ஒரு சின்னச் சீலோடு போக வேண்டியது பிளேட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

சிங்கப்பூர் – போர்ஷ 911 டர்போ, 996

இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு யாரும் மூடியைப் படிக்காமல் பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். 996 டர்போவில் கிளட்சுக்கு பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தம் உதவுகிறது, அதில் ஓடுவது பென்டோசின் என்கிற பச்சை ஆயில். பிரேக் ஆயிலும் அதுவும் சேரவே சேராது, சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும். எனக்கு முன்னால் வைத்திருந்தவரே மூடியில் மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருந்தார், புண்ணியவான்.

ஆஸ்டின் – கார்வெட் சி5

சிங்கப்பூர் நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு. அதே போல டாட் 5 என்று கடையில் பார்த்து, எண் பெரிதாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அது சிலிகான், மற்றவற்றோடு கலக்காது. டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் குடும்பம்தான், கலக்கலாம், 260 வரை தாங்கும். ஆனால் வாரம் ஒரு முறை உறிஞ்சிக் கொட்டப் போகிற ஆயிலுக்கு அவ்வளவு செலவு எதற்கு, டாட் 4 தாராளம் என்பது என் கட்சி.

தனிச்செய்தியில் ரிமோட் பிளீடர் பற்றிக் கேட்டிருந்தார்கள். திருகிலிருந்து ஒரு நீளக் குழாயை இழுத்து எஞ்சின் பக்கம் கை எட்டும் இடத்தில் விடும் சாமான் கிடைக்கிறது. வேறு காரணத்துக்காகக் கிளட்ச் பிரித்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள், கூடவே ஸ்லேவையும் புதிதாக மாற்றிவிடுங்கள், பழையது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி. இதற்காக மட்டும் வண்டியைப் பிரிக்க வேண்டாம்.

சிரிஞ்ச் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: மருந்துக்கடையில் பெரிய சைஸ் கேளுங்கள், ஒரு துண்டு ரப்பர் குழாயை முனையில் மாட்டுங்கள். இங்கே அமெரிக்கர்கள் வான்கோழி வறுக்கும்போது குழம்பு உறிஞ்சும் பிழிகுழாயையே எடுத்துவருகிறார்கள். நம் வீடுகளில் அதை எடுத்தால் சமையலறைக்குத் திரும்ப விடமாட்டார்கள். கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் பாட்டிலில் சேர்த்துக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பெயின்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

ஆஸ்டின் பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலை வண்டியைக் கொண்டுவாருங்கள். ஒரு பெரிய டாட் 4 பாட்டில் உடைக்கப் போகிறேன், திறந்துவிட்டால் எனக்கு அதை வைத்திருக்கப் பிடிக்காது.