ஜெர்மன்காரரைச் சென்னையில் எங்கே தங்க வைப்பது?

பம்ப்செட் கோவை: எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து முதல் முறையாக வருகிறார். மூன்று இரவு. இரண்டு நாள் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வேலை, கடைசி நாள் நுங்கம்பாக்கத்தில் வங்கி. அழகாகவும் வேலைக்குத் தோதாகவும் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டல் சொல்லுங்கள். எனக்கு அண்ணா சாலை ‘தி பார்க்’ மேல் ஒரு கண். ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடமாயிற்றே!

கத்திப்பாரா வாசி: வேண்டாம் சார். ஸ்ரீபெரும்புதூர் வேலைக்குக் கிண்டிதான். ஐடிசி கிராண்ட் சோழா, பார்க் ஹயாத் இரண்டும் அங்கேதான். ஜெமினியிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பினால், சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் அவர் தமிழ் கற்றுக்கொள்வார், அதுவும் டிரைவர் வாயிலிருந்து.

மவுண்ட்ரோடு மணி: சோழாவில் 600 அறை. பிரமாண்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிதாக இருப்பதெல்லாம் ஸ்டைல் ஆகுமா? முதல் முறை வருகிறவருக்கு ஊரின் வாசனை வேண்டாமா? ‘தி பார்க்’ இல்லையென்றால் தாஜ் கோரமண்டல். 1974இலிருந்து நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது, வங்கிக்கும் பக்கம்.

கத்திப்பாரா வாசி: ஸ்டைல் பற்றி என்னிடம் பேசாதீர்கள். போன வருஷம் வேறொரு ஊரில் ஒரு ‘டிசைன்’ ஹோட்டல், பெயர் வேண்டாம். எழுத மேஜை இல்லை, ஒரு டம்ளர் வைக்கிற அளவில் வட்ட ஸ்டூல். பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால். குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர், அதை மறைக்கும் திரைக்கு ஸ்விட்ச் படுக்கை அறையில்! கூட வந்த சகா, நான் குளித்து முடிக்கிற வரை லாபியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பெங்களூர் ஆடிட்டர்: வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம். கோவைக்காரருக்குத் தமிழ்நாட்டுப் பதிவு இருக்கும், பில்லைக் கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கினால் வரவு எடுக்கலாம், அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கர்நாடகாவில் மட்டும்தான் பதிவு, சென்னையில் தங்கினால் அந்த வரி போனதுதான்.

மவுண்ட்ரோடு மணி: வந்துவிட்டாரய்யா. அழகைப் பற்றிப் பேசினால் ஆடிட்டருக்குப் பொறுக்காது.

தேனாம்பேட்டை அக்கா: கம்பெனிகளுக்கு ரூம் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. சண்டையை விட்டுவிட்டு முதலில் தினசரி காலண்டரைக் கிழித்துப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் எந்த ஹோட்டலானாலும் கீழே ரிசப்ஷன், போர்ட்டிகோவில் மாப்பிள்ளை கார், உங்கள் கார் வெளியே காத்திருக்கும். லிஃப்ட் முழுக்க மல்லிகையும் பட்டும்தான். அவர் போட்டோ எடுத்துத் தள்ளுவார், அது வேறு விஷயம்.

மவுண்ட்ரோடு மணி: சரி, அப்போது கடைசி இரவாவது இந்தப் பக்கம் மாற்றுங்கள்.

கத்திப்பாரா வாசி: ஒரு நாளுக்காகப் பெட்டி கட்டுவதா? சின்னமலையில் மெட்ரோ ஏறினால் ஆயிரம் விளக்கில் இறங்கலாம், அங்கிருந்து ஆட்டோ.

பம்ப்செட் கோவை: கிண்டியே போட்டுவிட்டேன். மணி சார் கோபித்துக்கொள்ளக் கூடாது, வங்கி வேலை முடிந்ததும் சாப்பாடு ‘தி பார்க்’கில்தான். காலண்டரையும் பார்த்தேன் அக்கா, அவர் வந்து இறங்குகிற நாளே வளர்பிறை முகூர்த்தம். கல்யாண ஹாலுக்கு எட்டாத மாடியில், எழுத மேஜையோடு அறை கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.