பி.பார்ம் ஃபர்ஸ்ட் ரவுண்டுல சீட் வரல, இன்னொரு இடத்துல வெயிட்டிங் லிஸ்ட்... இனி என்ன பண்ணலாம்?

பாம்பன்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன் பக்கம், இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சேன், பயாலஜி குரூப், கவர்மென்ட் ஸ்கூல். பத்தாவதுலேர்ந்தே பி.பார்ம், அதாவது ஃபார்மசி டிகிரி தான் படிக்கணும்னு ஆசை. பாராமெடிக்கல் கவுன்சிலிங் ரேங்க் லிஸ்ட்ல பேரு வந்துச்சு, ஆனா ஃபர்ஸ்ட் ரவுண்டுல எதுவும் அலாட் ஆகல. நான் போட்டது மதுரை மெடிக்கல் காலேஜ், சென்னை எம்.எம்.சி (மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்), அப்புறம் மதுரைலயே ரெண்டு பிரைவேட், அவ்ளோதான். கீழ நெறைய போட்டா அதுல ஏதாவது ஒண்ணுல தள்ளி விட்டுருவாங்கன்னு அப்ளிகேஷன் போட்ட பிரவுசிங் சென்டர்ல சொன்னாங்க, அதான் நாலோட நிறுத்திட்டேன்.

இது போக ஒரு நிகர்நிலை பல்கலைக்கழகத்துலயும் போட்டிருந்தேன், அங்க வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கீங்கன்னு மெயில் வந்துருக்கு. எத்தனாவதுன்னு கூட போடல.

அப்பா மீன்பிடி போட்டுக்கு போறாங்க, அம்மா கடல்பாசி எடுக்க போவாங்க. மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு இப்பதான் வீட்டுல கொஞ்சம் காசு பாக்குறோம். இந்த நேரத்துல ஒருத்தர் வீட்டுக்கே வந்து வெளி மாநிலத்துல பி.பார்ம் சீட் கன்ஃபார்ம், அட்வான்ஸ் கட்டுனா போதும், ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட குடுங்க நாங்களே எல்லாம் பாத்துக்குறோம்னு சொல்றாரு. அப்பா பெரியப்பாகிட்ட கடன் கேக்குறேன்னு நிக்கிறாங்க. எனக்கு பயமா இருக்கு. சும்மா காத்துட்டு இருக்கறதா, சான்ஸ கூட்ட ஏதாவது பண்ண முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

உச்சிப்புளி_அக்கா:

தங்கச்சி, நான் மதுரைல பி.பார்ம் கடைசி வருஷம். மொதல்ல அந்த பிரவுசிங் சென்டர்ல சொன்னது சுத்தமா தப்பு, அத மனசுலேர்ந்து எடுத்துரு. கவுன்சிலிங்ல ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருத்தரா எடுத்துக்கிட்டு வரும், உன் முறை வரும்போது நீ போட்ட லிஸ்ட்ட மேலேர்ந்து பாத்துக்கிட்டே இறங்கும், உன் கம்யூனிட்டிக்கு எதுல மொதல்ல இடம் காலியா இருக்கோ அது உனக்கு. மேல உள்ள காலேஜ்ல இடம் இருந்தா கீழ என்ன போட்டிருக்கேன்னு பாக்கவே பாக்காது. அதனால நீ கீழ இருபது காலேஜ் போட்டாலும் மதுரை மெடிக்கல் காலேஜ் கிடைக்கிற வாய்ப்பு ஒரு துளி குறையாது. நாலு காலேஜ் மட்டும் போட்டா தான் ஆபத்து, அந்த நாலும் நிறைஞ்சுட்டா உன்ன அப்படியே தாண்டி அடுத்த ரேங்குக்கு போயிரும். உனக்கு அதான் நடந்துருக்கு.

அதுலயும் நீ போட்ட ரெண்டு கவர்மென்ட் காலேஜும் ஃபீஸ் கம்மின்னு எல்லாருமே மொதல்ல போடுற இடம். அத எடுத்துராத, மேலயே இருக்கட்டும். அதுக்குக் கீழ திருச்சி, சேலம், நாமக்கல், கோயம்புத்தூர்னு கவர்மென்ட் கோட்டா சீட் இருக்கற பிரைவேட் காலேஜ் எல்லாம் ஒவ்வொண்ணா பாத்து சேரு. ஆனா கிடைச்சா கண்டிப்பா போவேன்னு நெனைக்கிற இடத்த மட்டும் போடு. அலாட் ஆனதுக்கு அப்புறம் சேராம விட்டா அடுத்த ரவுண்டுக்கு விடுவாங்களா மாட்டாங்களான்னு அந்த வருஷத்து விவரக் குறிப்பேட்டுல போட்டிருப்பாங்க, யாரு வாய்ச்சொல்லையும் நம்பாம நீயே உக்காந்து படி.

ரெண்டாவது, சீட் நகரவே நகராதுன்னு பயப்படாத. நம்ம ரேங்க் லிஸ்ட்ல மேல இருக்கற நெறைய பேரு நீட் எழுதிட்டு எம்.பி.பி.எஸ், பி.டி.எஸ்க்கு காத்துட்டு இருப்பாங்க, சில பேரு கால்நடை, அக்ரின்னு நாலு பக்கமும் அப்ளிகேஷன் போட்டிருப்பாங்க. அங்க கிடைச்ச உடனே இங்க விட்டுட்டு போயிருவாங்க, அந்த சீட்டெல்லாம் அடுத்த ரவுண்டுல தான் வெளிய வரும். நீ பண்ண வேண்டியது ஃபர்ஸ்ட் ரவுண்டு அலாட்மென்ட் லிஸ்ட்ட டவுன்லோட் பண்ணி, உன் கம்யூனிட்டில எந்த காலேஜ் எந்த ரேங்க் வரைக்கும் போயிருக்குன்னு ஒரு நோட்டுல எழுது. உன் ரேங்க்குக்கு கொஞ்சம் மேல முடிஞ்ச காலேஜ் எதெல்லாம்னு பாரு, அடுத்த ரவுண்டுல உனக்கு நெஜமான வாய்ப்பு அங்கதான்.

அப்புறம் லாகின் பாஸ்வேர்டு, ஓடிபி போற போன் நம்பர் எல்லாம் யாருகிட்ட இருக்கு? பிரவுசிங் சென்டர் நம்பர்ல ரிஜிஸ்டர் ஆயிருந்தா இன்னைக்கே போய் கேளு, சாய்ஸ் மாத்துற நேரத்துல கடை பூட்டியிருந்தா அவ்ளோதான், நம்ம ஊரு பக்கம் இது அடிக்கடி நடக்குது.

ஒண்ணு கேக்கணும், மறுமதிப்பீடு எதுவும் போட்டியா?

பாம்பன்_பொண்ணு:

ரொம்ப தேங்க்ஸ் அக்கா, லிஸ்ட் இப்படித்தான் வேலை செய்யும்னு எனக்கு யாருமே சொல்லல. ஓடிபி அப்பா நம்பருக்கு தான் வருது, பாஸ்வேர்டு அவங்ககிட்ட வாங்கிடுறேன். மறுமதிப்பீடு போட்டேன் அக்கா, கெமிஸ்ட்ரில மார்க் கூடியிருக்கு, ஆனா அப்ளிகேஷன்ல பழைய மார்க் தான் காட்டுது. அது தானா மாறிடுமா?

உச்சிப்புளி_அக்கா:

ஐயோ அத மொதல்ல சொல்லியிருக்கணுமே! தானா மாறும்னு விட்டுராத. கட்டாஃப்ல அரை மார்க்குக்கே எவ்ளோ பேரு நிப்பாங்க, உன் ரேங்க்கே மாறலாம். புது மார்க் ஷீட், மறுமதிப்பீடு ரிசல்ட் பிரின்ட்அவுட், அப்ளிகேஷன் நம்பர், ரேங்க் எல்லாம் போட்டு, கவுன்சிலிங் நடத்துற தேர்வுக் குழு செயலாளருக்கு ஒரு மனு எழுது. மெயில்லயும் அனுப்பு, முடிஞ்சா அப்பாவோட நேர்லயே போயிரு, ஆபீஸ் சென்னை கீழ்ப்பாக்கத்துல, ஈ.வே.ரா. பெரியார் சாலைல இருக்கு. செகண்ட் ரவுண்டு தேதி அறிவிக்கறதுக்கு முன்னாடி போறது முக்கியம்.

தொண்டி_மெடிக்கல்ஸ்:

பாப்பா, நான் தொண்டில மருந்துக்கடை வச்சிருக்கேன், டி.பார்ம், அதாவது ஃபார்மசி டிப்ளமோ படிச்சவன். அந்த ஏஜென்ட் விஷயத்த பத்தி சொல்றேன். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட எந்தக் காரணத்துக்கும் கைல குடுத்துராதீங்க. டிசி ஒருத்தன்கிட்ட மாட்டிக்கிச்சுன்னா உனக்கு செகண்ட் ரவுண்டுல இங்கயே சீட் வந்தா கூட போய் சேர முடியாது, அவனுக்கு அதான் வேணும்.

ரெண்டாவது, ஃபார்மசி படிப்புக்கு இந்தியா முழுக்க ஒரே கவுன்சில், பி.சி.ஐ-ன்னு சொல்ற பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா. அவங்க அப்ரூவல் குடுத்த காலேஜ்ல படிச்சா தான் ஸ்டேட் கவுன்சில்ல ஃபார்மசிஸ்டா ரிஜிஸ்டர் பண்ண முடியும். ரிஜிஸ்டர் இல்லாம டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துச் சீட்டுக்கு மருந்து குடுக்கறதே 1948 ஃபார்மசி சட்டப்படி குத்தம். பி.சி.ஐ வெப்சைட்ல காலேஜ் பேரு, எந்த கோர்ஸ், எத்தனை சீட், எந்த வருஷம் வரைக்கும் அப்ரூவல்னு எல்லாமே இருக்கும். அவரு சொல்ற காலேஜ் பேரை போட்டு பாருங்க. டி.பார்முக்கு மட்டும் அப்ரூவல் வாங்கிட்டு பி.பார்முக்கும் ஆள் சேக்குற இடம் இருக்கு, அதனால கோர்ஸ் பேரையும் சேத்து பாக்கணும். எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இப்படி வெளி மாநிலத்துல போய் பணத்த கட்டி, படிச்சும் முடிச்சு, ரிஜிஸ்ட்ரேஷன் ஆகாம கடைல ஹெல்பரா நிக்கிறான். அவன் முகத்த பாக்கவே எனக்கு கஷ்டமா இருக்கும்.

இன்னொண்ணு, டி.பார்முக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வை. ரெண்டு வருஷப் படிப்பு, ட்ரெய்னிங் தனி, படிப்ப முடிச்சதும் எழுதுற எக்சிட் எக்ஸாம்னு 2022-ல ஒரு ரெகுலேஷனும் வந்துருக்கு, அதையும் தெரிஞ்சுக்க. முடிச்சிட்டு லேட்டரல் என்ட்ரில பி.பார்ம் நேரா செகண்ட் இயர்ல சேரலாம். நாலு வருஷம் அஞ்சாகும், ஆனா நடுவுலயே ஃபார்மசிஸ்ட் ஆயிட்டு சம்பாதிச்சுக்கிட்டே படிக்கலாம், உங்க வீட்டு நிலைமைக்கு அது ஒண்ணும் மட்டம் இல்ல.

காத்துட்டு இருக்கற நேரத்துல பக்கத்துல ஒரு நல்ல மருந்துக்கடைல போய் நில்லு. கவுன்சிலிங்ல இதுக்கு மார்க் கிடையாது, தெளிவா சொல்லிடுறேன், ஆனா இந்த வேலை உனக்கு புடிக்குதான்னு தெரிஞ்சுரும். எங்க கடைல புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல இன்சுலின் ஃப்ரிட்ஜ தான் காட்டுவேன். 2-லேர்ந்து 8 டிகிரி தான் இருக்கணும், டோர்ல வைக்கக்கூடாது, ஃப்ரீசர் பக்கத்துல ஒட்டி வைக்கவும் கூடாது, உறைஞ்சுட்டா தூக்கி தான் போடணும். கரண்ட் போனா எத்தன மணிக்கு போச்சுன்னு சுவத்துல மாட்டியிருக்க நோட்டுல எழுதணும். மே மாச வெயில்ல நம்ம ஊர்ல அது எவ்ளோ பெரிய வேலைன்னு நின்னு பாத்தா தான் தெரியும்.

சாயல்குடி_தம்பி:

எனக்கென்னமோ அவசரப்பட்டு கண்ட காலேஜ்ல சேர்றதுக்கு ஒரு வருஷம் வீட்ல இருந்து திரும்ப எழுதி மார்க்க கூட்டிட்டு மதுரை மெடிக்கல் காலேஜ்லயே சேரலாம்னு தோணுது. ஒரு வருஷம் தானே.

உச்சிப்புளி_அக்கா:

தம்பி, நம்ம ஸ்டேட் போர்டுல பாஸ் பண்ணவங்க மார்க் கூட்டறதுக்காக திரும்ப எழுதுற இம்ப்ரூவ்மென்ட் முறை இப்ப கிடையாது. அதே மார்க்க வச்சுக்கிட்டு அடுத்த வருஷம் இன்னும் பெரிய கூட்டத்துல நிக்கணும். பொம்பளப் புள்ளைய ஒரு வருஷம் வீட்ல வச்சா நம்ம ஊர்ல என்ன பேச்சு வரும்னு உனக்கே தெரியும். நான் வேண்டாம்னு தான் சொல்வேன்.

கீழக்கரை_சார்:

நான் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்குறேன்மா, எங்க புள்ளைங்களுக்கு வருஷா வருஷம் இந்த வேலை பாத்து குடுக்கறதால சொல்றேன். அந்த பல்கலைக்கழக வெயிட்டிங் லிஸ்ட்ட அப்படியே விடாத. அவங்க ஒரு சீட் காலியானா யாரு கட்டாயம் வருவாங்களோ அவங்களத்தான் கூப்பிடப் பாப்பாங்க. அட்மிஷன் ஆபீசுக்கு சின்னதா ஒரு மெயில் போடு, நீட்டி எழுத வேண்டாம். இன்ன அப்ளிகேஷன் நம்பர், பி.பார்ம் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேன், மறுமதிப்பீட்டுல கெமிஸ்ட்ரி மார்க் கூடியிருக்கு, புது மார்க் ஷீட் இணைச்சிருக்கேன், இடம் கிடைச்சா சேர தயாரா இருக்கேன், என் வரிசை எண் என்ன, லிஸ்ட் எந்த தேதி வரைக்கும் செல்லும்னு தெரிவிக்கவும். இவ்ளோதான். சேர தயார்னு எழுதுறதுக்கு முன்னாடி ஃபீஸ் எவ்ளோன்னு வீட்ல உக்காந்து பேசிருங்க, கட்ட முடியாத இடத்துக்கு வர்றேன்னு எழுதக்கூடாது. வாரம் ஒருக்கா போன் பண்ணி மரியாதையா கேளு, தினமும் பண்ணாத. சீட்ட புடிச்சு வைக்க காசு கேட்டா, ரீஃபண்ட் உண்டான்னு எழுத்துல வாங்காம ஒரு ரூபா கட்டாதீங்க.

ஃபீஸ் விஷயத்துல ஒண்ணு. உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சான்றிதழ் இ-சேவைல போட்டு இப்பவே வாங்கிடு. அந்த கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியா சேந்தா தான், மேனேஜ்மென்ட் கோட்டால போனா கிடையாது. ஏஜென்ட் காட்டுற சீட்டுக்கும் கவுன்சிலிங் சீட்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்த அப்பாகிட்ட இத வச்சு எடுத்து சொல்லு, புரிஞ்சுக்குவாங்க. நீ ஆறாவதுலேர்ந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும், காலேஜ் சேந்த உடனே கேளு. அப்பா மீனவர் நல வாரியத்துல உறுப்பினரா இருந்தா அங்கயும் புள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை இருக்கு.

பாம்பன்_பொண்ணு:

சார், அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் தான் எங்க வீட்ல மொத டிகிரி. அப்பாகிட்ட இதெல்லாம் வாசிச்சு காட்டுனேன், பி.சி.ஐ லிஸ்ட்ல அந்த காலேஜ்ல டி.பார்ம் மட்டும் தான் இருக்கு, பி.பார்ம் இல்ல. அப்பா அந்த ஆளுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சென்னைக்கு நானும் அப்பாவும் போறோம். அம்மாவுக்கு தான் ஃபார்மசின்னா மருந்துக்கடைல நிக்கிறதுதானே, அதுக்கு எதுக்கு நாலு வருஷம்னு இன்னும் சந்தேகம்.

உச்சிப்புளி_அக்கா:

நல்ல காரியம் பண்ணீங்க! அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. எங்களுக்கு ஃபார்மகோக்னசின்னு ஒரு பேப்பர், மருந்து எந்த செடிலேர்ந்து, எந்த உயிர்லேர்ந்து வருதுன்னு படிக்கறது. அதுல அகார்ங்கற பாசிப் பசை ஒரு பாடம், கடல்லேர்ந்து வர்ற மருந்துங்க தனியா ஒரு பாடம். உங்கம்மா கல்லுல சுரண்டி எடுக்குற மரிக்கொழுந்து பாசிலேர்ந்து தான் அந்த அகார் எடுக்குறாங்க, கட்டக்கோரைப் பாசிலேர்ந்து எடுக்குற ஆல்ஜினேட்ங்கற பசைய மாத்திரைல சேக்குறாங்க. லேப்ல அகார் பவுடர வெந்நீர்ல கரைச்சு ஆற வச்சா அல்வா கணக்கா இறுகி நிக்கும், அத மொத தடவ பாத்தப்ப எங்க ஊரு பொம்பளைங்க கை தான் ஞாபகம் வந்துச்சு. மாத்திரை ஆராய்ச்சி, மருந்து கம்பெனில தரம் பாக்கறது, கவர்மென்ட்ல மருந்து ஆய்வாளர் வேலைன்னு நெறைய இருக்கு, கடை மட்டும் இல்ல.

சென்னைக்கு போகும்போது மனுவ ரெண்டு காப்பியா எடுத்துட்டு போ. ஒண்ண குடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்கிக்க. புது மார்க் ஷீட் ஒரிஜினல காட்டு, ஜெராக்ஸ மட்டும் குடு. ஜாதிச் சான்றிதழ், டிசி ஜெராக்ஸ் எல்லாம் ஒரே ஃபைல்ல வச்சுக்க, திடீர்னு கேப்பாங்க. ரேங்க் மாறிச்சான்னு லாகின்ல பாத்துட்டு இங்கயே போடு, சாய்ஸ் லிஸ்ட் போடுற அன்னைக்கு நானும் கூட இருந்து பாத்து தரேன்.