ஃபுல் டேங்க் அடிச்சாலும் முள்ளு பாதியிலேயே நிக்குது, என்ன பண்றது?

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம் மக்களே. வண்டி 2008 ஜப்பான் செடான், சிஓஇ (சிங்கப்பூர்ல வண்டி வச்சுக்கிற உரிமச் சான்று) புதுப்பிச்சு ஓட்டிட்டிருக்கேன், இஞ்சின் கியர்பாக்ஸ் எல்லாம் சூப்பர், பெட்ரோல் முள்ளு மட்டும்தான் தகராறு. ஃபுல் அடிச்சாலும் பாதிக்கு மேல ஏறமாட்டேங்குது, சில நேரம் கார்பார்க் ஹம்ப் ஏறி இறங்கினா திடீர்னு முக்காலுக்குத் தாவும், அப்புறம் மறுபடி பாதிக்கே வந்துடும். ஊருக்குள்ள ட்ரிப் மீட்டர பாத்து சமாளிச்சுக்கலாம், ஜேபி (ஜொகூர் பாரு) போறதுதான் பிரச்சனை, சிங்கப்பூர் வண்டி பார்டர் தாண்டணும்னா முக்கா டேங்காவது இருக்கணும்ல. டேங்க் நிறைய பெட்ரோல வச்சுக்கிட்டு செக்பாயிண்ட்ல மாட்டணுமா? வொர்க்‌ஷாப்ல மீட்டர் போர்டையே மாத்தணும்ங்கிறாங்க, விலைய கேட்டா தலை சுத்துது.

ஸ்பானர்:
மீட்டர் போர்டுல கை வைக்க விடாதீங்க ப்ரோ. ஹம்ப்ல குதிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. டேங்குக்குள்ள பெட்ரோல் அளவ மீட்டருக்கு அனுப்புற சென்டர்னு (sender) ஒரு பார்ட் இருக்கு, அதுல மிதவையோட கம்பி, பெட்ரோல் ஏற இறங்க ஒரு ரெசிஸ்டர் பட்டை மேல உரசிக்கிட்டே போகும், நாளாக நாளாக அந்த காண்டாக்ட் தேஞ்சோ கறுத்தோ போயிடும். அந்தக் காலத்து ஜப்பான் வண்டி நிறையத்துல ஃபுல்னா ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) சில ஓம்ஸ்தான், காலின்னா 100 ஓம்ஸ் பக்கம். அழுக்கு, துரு, லூஸ் இயர்த் (வண்டி பாடியோட சேர்ற கிரவுண்ட் வயர்) எது வந்தாலும் ரெசிஸ்டன்ஸ் கூடத்தான் செய்யும், அதான் உங்களுக்கு உள்ளதவிட கம்மியா காட்டுது. பின்சீட்ட தூக்கினா ரவுண்டு மூடி இருக்கும், சாவிய ஆஃப் பண்ணி கனெக்டர கழட்டி மல்டிமீட்டர் வச்சு பாருங்க. ஃபுல் டேங்க்ல பெரிய நம்பர் வந்தா சென்டர்தான் குற்றவாளி. சரியான நம்பரே வந்தா வயர், இயர்த், அதுக்கப்புறம்தான் மீட்டர்.

பிடோக் அக்கா:
தம்பி, சரி பண்ற வரைக்கும் அந்த வண்டிய ஜேபிக்கு எடுக்காதீங்க. முக்கா டேங்குக்கு கீழ இருந்தா 500 வெள்ளி வரைக்கும் அபராதம், திருப்பியும் அனுப்பிடுவாங்க. பெட்ரோல் ரசீத காட்டி தப்பிச்சுக்கலாம்னு நம்பிப் போகாதீங்க. யாராவது "வயர்ல ஒரு சின்ன வேலை பண்ணா முள்ளு எப்பவும் மேலயே நிக்கும்"னு ஐடியா குடுத்தா காதுலயே வாங்காதீங்க, மீட்டர்ல கை வச்சு ஏமாத்துறது தனிக் குற்றம்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றிக்கா. ஸ்பானர் அண்ணே, சென்டர்தான்னா நானே கழட்டி மாத்திடலாமா? மல்டி ஸ்டோரி கார்பார்க்லதான் நிறுத்துறேன்.

ஸ்பானர்:
அளக்கிறதோட நிறுத்திக்கோங்க. டேங்க திறந்தா பெட்ரோல் ஆவி வரும், கார்பார்க்ல வச்சு பண்ற வேலையா அது. காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் நாலு கடையில விசாரிங்க, பம்போட சேத்து முழு செட்டா மாத்தணும்னு சொன்னா சென்டர் மட்டும் தனியா கிடைக்குமான்னு கேளுங்க, நிறைய வண்டிக்கு கிடைக்கும். கேஸ்கெட்டும் (டேங்க் மூடிக்கு அடியில வர்ற சீல்) புதுசா போடச் சொல்லுங்க, பழசையே போட்டா பின்சீட்ல பெட்ரோல் வாடை அடிக்கும். டேங்க் காலியா இருக்கும்போது குடுத்தா அவங்களுக்கும் வேலை சுலபம்.

உட்லண்ட்ஸ்வாசி:
இப்பதான் சீட்ட தூக்கினேன். கனெக்டர் பின்னு ஒண்ணு பச்சை பூத்து கிடக்கு, ஃபுல் டேங்க்ல 50 ஓம்ஸுக்கு மேல ஆடுது, கனெக்டர அசைச்சா குறையுது.

ஸ்பானர்:
அப்ப மொதல்ல காண்டாக்ட் கிளீனர் அடிச்சு பின்ன நல்லா தேய்ங்க, அப்புறம் திரும்ப அளந்து நம்பர போடுங்க. சென்டர் வாங்குறத அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.