சூரியக் குடும்ப மாதிரி: யுரேனஸ் சுவரைத் தாண்டிப் போகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
32 மீட்டர் நீளமுள்ள வராந்தாவில் சூரியக் குடும்ப மாதிரி வைக்கிறோம். ஒரு வானியல் அலகை (சுமார் 14.96 கோடி கி.மீ.) 1 மீட்டராக எடுத்துக்கொண்டேன். அட்டவணைப்படி புதன் 0.39, வெள்ளி 0.72, பூமி 1, செவ்வாய் 1.52, வியாழன் 5.2, சனி 9.58, யுரேனஸ் 19.2, நெப்டியூன் 30.07. எல்லாம் உள்ளே அடங்கிவிட வேண்டும். ஆனால் டேப் பிடித்துக் குறித்தால் சனியே 18.41 மீட்டரில் வருகிறது, யுரேனஸ் சுவருக்கு வெளியே! இரண்டு முறை அளந்துவிட்டேன்.

பதில் 1:
ஒவ்வொரு கோளைக் குறித்ததும் டேப்பின் நுனியை அங்கே நகர்த்தி வைத்தீர்களா?

கேட்டவர்:
ஆமாம். பூமியில் நுனியை வைத்து, அங்கிருந்து செவ்வாய்க்கு 1.52. அப்படித்தானே?

பதில் 1:
அதுதான் சிக்கல். அட்டவணையில் இருப்பதெல்லாம் சூரியனிலிருந்து உள்ள தூரம், முந்தைய கோளிலிருந்து அல்ல. புதன் முதல் சனி வரை கூட்டிப் பாருங்கள், அதே 18.41 வரும். நுனி சூரியனை விட்டு அசையக்கூடாது. கோளுக்குக் கோள் அளந்துதான் ஆக வேண்டும் என்றால் கழித்துக்கொள்ளுங்கள்: 0.39, 0.33, 0.28, 0.52, 3.68, 4.38, 9.62, 10.87. இவற்றின் கூட்டுத்தொகை 30.07 வந்தால் கணக்கு சரி.

பதில் 2:
ஒரு சின்ன விஷயம். கோள்கள் எல்லாம் சூரியனுக்கு ஒரே பக்கம் வரிசையாக நின்றால்தான் அந்த இடைவெளிகள். உண்மையில் பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தூரம் சுமார் 5.5 கோடி கி.மீ. முதல் 40 கோடி கி.மீ. வரை மாறிக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி! நெப்டியூன் சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே நின்றுவிட்டது. அப்புறம், சூரியனுக்கு 10 செ.மீ. பந்து ஒன்று வைத்திருக்கிறேன். வைக்கலாமா?

பதில் 1:
இந்த அளவில் சூரியனின் விட்டமே 9.3 மி.மீ.தான், சட்டைப் பொத்தான் அளவு. வியாழன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பூமி 0.085 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அந்தப் பந்துதான் வேண்டுமென்றால் பூமி 10.75 மீட்டரிலும் நெப்டியூன் 323 மீட்டரிலும் இருக்க வேண்டும், மைதானத்துக்குத்தான் போக வேண்டும். அளவுக்கு ஒரு ஸ்கேல், தூரத்துக்கு வேறு ஸ்கேல் என்று வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. வைத்தால் அதை அட்டையில் எழுதிவிடுங்கள்.

கேட்டவர்:
பந்தை எடுத்து வைத்துவிட்டேன். பூமிக்குப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அதுவே கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை.