ஸ்லாக் சிமெண்ட்: பில்லரில் பச்சை நிறம், 7 நாள் கியூபில் குறைந்த வலிமை

நாகை_கட்டடம்:
வணக்கம். நாகப்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டி வீடு கட்டி வருகிறோம். உப்புக் காற்றைத் தாங்கும் என்று பொறியாளர் சொன்னதால் ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட்) வாங்கி, எம்25 கலவையில் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை தர வேண்டியது) பில்லர் போட்டோம். மறுநாள் பலகையைப் பிரித்தபோது நீலம் கலந்த பச்சை நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஓரத்தில் உடைந்த சில்லின் உட்பக்கம் இன்னும் அடர்பச்சையாக இருந்தது. அதே காங்கிரீட்டில் வார்த்த கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்க்கும் 7 நாள் கியூப் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன்தான் வந்தது. சிமெண்ட் கலப்படம் என்கிறார் மேஸ்திரி. ரூஃப் காங்கிரீட்டை நிறுத்தி வைக்கலாமா?

காங்கிரீட்_ஆய்வகம்:
நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இரும்புத் தாதை உருக்கும் ஊதுலையில் மேலே மிதக்கும் கசடை, ஏறத்தாழ 1,500 டிகிரி வெப்பத்தில் வெளியே எடுத்தவுடன் நீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள்; அது கண்ணாடித் தன்மையுள்ள மணலாகிறது. அதில் இருக்கும் கந்தகச் சேர்மங்களே பச்சைக்குக் காரணம். காற்றுப் பட்டால் அந்நிறம் மெல்ல வெளிறிவிடும்.

வலிமைதான் கவனிக்க வேண்டியது. சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் (சுட்ட சுண்ணாம்புக்கல்-களிமண் கட்டி) நீரோடு வினைபுரிந்து வெளிவிடும் சுண்ணாம்பு கிடைத்த பிறகே கசடு முழுவீச்சில் வேலை செய்யத் தொடங்கும் என்பதால், முதல் வாரத்தில் வலிமை மெதுவாகவே ஏறும். 28 நாள் கியூபைப் பார்க்காமல் பில்லரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஐஎஸ் 455 என்ற இந்தியத் தர விதியின்படி இந்தச் சிமெண்டில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு இருக்கலாம் என்பதால், வேகமும் பிராண்டுக்கு பிராண்டு மாறும். கலப்பட ஐயம் தீர, பிரிக்காத மூட்டை ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அங்கே சோதிக்கும் சிமெண்டு சாந்துக் கியூப் (சிமெண்டும் மணலும் மட்டும் கலந்தது; உங்கள் காங்கிரீட் கியூப் வேறு) சதுர மில்லிமீட்டருக்கு 3 நாளில் 16, 7 நாளில் 22, 28 நாளில் 33 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. இந்தச் சிமெண்டு சோதனையின் 7 நாள் முடிவு வந்த பிறகு ரூஃப் போடுவதே நல்லது.

தளப்_பொறியாளர்:
தண்ணீர் விடுவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஸ்லாக் போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வறண்ட வெயிலில் 14 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது காங்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 விதி. பில்லரில் ஊற்றும் தண்ணீர் நிற்காது என்பதால் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி, அது காயாமல் நனைத்து வாருங்கள். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுக்கால்களை 7 நாளில் எடுக்கலாம் என்ற கணக்கு சாதாரண சிமெண்டுக்கானது. ரூஃப் போடும்போது கூடுதலாகக் கியூப் எடுத்து, தளத்துக்கு அருகிலேயே வைத்து ஈரமாக்கி, அதன் வலிமையைப் பார்த்தே முட்டுக்கால்களைக் கழற்றுங்கள்.

நாகை_கட்டடம்:
மிக்க நன்றி. எஃகு ஆலைக் கசடுப் பொடி மலிவாகக் கிடைக்கிறது, பூச்சில் கலக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

காங்கிரீட்_ஆய்வகம்:
தயவுசெய்து கலக்க வேண்டாம். இரும்பை எஃகாக மாற்றும் உலையில் வரும் கசடு வேறு. அதில் வினைபுரியாமல் தங்கும் சுண்ணாம்பும் மெக்னீசியாவும் (மெக்னீசியம் ஆக்சைடு) ஈரம் பட்டுப் பிற்பாடு ஊதிப் பெருகும். பூச்சு வெடித்துப் பெயர்ந்துவிடும். சூரத்துக்கு அருகே ஹஜீராவில் எஃகுக் கசடைக் கொண்டு சாலை போட்டிருக்கிறார்கள் என்றாலும், அது பதப்படுத்திய ஜல்லி. விற்பவர், அரைத்த ஊதுலைக் கசடுக்கான ஐஎஸ் 16714 தரச் சான்றும் அந்த லாட்டின் சோதனை அறிக்கையும் காட்டினால் மட்டுமே அது அரைத்த ஊதுலைக் கசடு என்று நம்பலாம். அப்போதும் கலக்கும் அளவை உங்கள் பொறியாளரே முடிவு செய்யட்டும்.