நிலவறைச் சுவரில் நீர் கசிகிறது: உள்பக்கம் குளிர்காப்பு நிற்குமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேலில் சரிவில் கட்டிய வீடு. கீழறையின் பின்சுவர் ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் இருக்கிறது. 230 மில்லிமீட்டர் செங்கல், நடுவே இடைவெளி இல்லை. ஜூலைக் குளிர் அம்மாவுக்கு ஆகாது என்று, சென்ற மே மாதம் மரச்சட்டம் அடித்து, 50 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு வைத்து, ஜிப்சம் பலகையால் மூடினோம். குளிர்காலம் நன்றாகவே போனது. டிசம்பர் மழை தொடங்கியதும் புளித்த வாடை. பலகையைக் கழற்றினால் பஞ்சு நனைந்த துணிபோலத் தொங்குகிறது, சட்டத்தின் அடியில் கறுப்புப் பூஞ்சை. போட்ட காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

நீர்த்தடுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்தேன். ஆறே வாரத்தில் கொப்புளித்து உரிந்தது, உள்ளே வெள்ளை உப்புப் பூத்திருந்தது. ஈரமகற்றும் இயந்திரம் வாங்கினேன், மின்கட்டணம்தான் ஏறியது. கடைசியாக, வெறும் சுவரில் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். அறைப் பக்கம் காய்ந்திருந்தது. சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர். மண்ணிலிருந்துதான் வருகிறது.

வெளியே தோண்ட முடியாது, பக்கத்து வீட்டுத் தாங்குசுவர் நிற்கிறது. உள்பக்கம் குமிழ்ப் பிளாஸ்டிக் தாள் (கசியும் நீர் பின்னால் வழிந்து இறங்க இடைவெளி விடும் மேடுபள்ளத் தாள்) பொருத்தி, அடியில் சிறு வடிகால் வைத்து, அதன்மேல் நுரைப்பலகைக் காப்பு போட்டு இரண்டு மழைக்காலமாவது தாக்குப்பிடித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?